போளூரில் எடுத்த ரத்தம்

புகைவிடும் பெட்டியோடு வருகிறவனைப் பேருந்தில் ஏற்ற எந்த நடத்துநரும் யோசிக்கத்தான் செய்வார். மதுரைப் பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் வண்டிக்காக நான் அப்படித்தான் நின்றேன். கையில் தெர்மோகோல் பெட்டி. மூடியின் ஓரத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னாங்க அது, புகையுது?"

"ட்ரை ஐஸ். நெருப்பில்லைங்க, குளிர்ச்சிதான்."

"ஐஸ்கிரீமா?"

"ரத்தம் எடுத்துட்டு வர்றதுக்கு."

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். நெடுநேரப் பேச்சுக்குப் பிறகு நடத்துநர் என்னைக் கடைசி வரிசைச் சன்னலோரத்தில் உட்காரவைத்தார். மூச்சுமுட்ட வைக்கும் அந்த ஆவி பேருந்துக்குள் தங்கக் கூடாது என்பதால் சன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். மலை ஏற ஏறப் பின்வரிசை முழுவதும் என்னைச் சபித்தது.

"பொட்டிக்குள்ள இருக்கற குளிரு பத்தாதுன்னு வெளிய இருக்கறதையும் உள்ள விடுறாரு," என்றார் தலைப்பாகை கட்டிய ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கோபத்தால் அல்ல, நடுக்கத்தால். நான் பெரம்பூர்க்காரன். எங்கள் தெருவில் குளிர்காலம் என்றால் மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்து வைப்பது.

இவ்வளவு பாடுபட்டுப் போன சோலி என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரத்தத்திலுள்ள கொழுப்பு வகைகளைப் பிரித்து அளக்கிறவன். கொலஸ்ட்ரால் என்ற ஒற்றைப் பெயரைத்தான் ஊரே சொல்லிப் பயப்படுகிறது. ஆனால் ரத்தத்தில் ஓடும் கொழுப்பில் நூற்றுக்கணக்கான தினுசு உண்டு. அவற்றில் சிலவற்றை வைத்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயின் போக்கைக் கண்டுகொள்ள முடியுமா என்பது எங்கள் கேள்வி.

மின்கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நரம்புக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய படையே அந்த உறையைக் கடித்துக் குதறுவதுதான் இந்த நோய். கண் மங்கும், கால் மரத்துப்போகும், கை சொன்ன பேச்சைக் கேட்காது. சில மாதம் அடங்கிக் கிடக்கும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும். கிளம்புகிறதா அடங்கியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுக்க வேண்டும். உறை சிதையும்போது ரத்தத்தின் கொழுப்புக் கணக்கும் மாறுமானால், ஒரு சின்னக் குழாய் ரத்தமே அந்தச் சேதியைச் சொல்லிவிடும் அல்லவா? அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் சிலருடைய ரத்தத்தை மாதக்கணக்கில் பின்தொடர்ந்தோம்.

அதில் ஒருவர் அன்னக்கொடி. கொடைக்கானல் மேல்மலையில், போளூரில் பூண்டு போடுகிற குடும்பம். மதுரைக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார். எங்களுக்குத் தீராத தொல்லை அவருடைய ரத்தம்தான். எந்திரத்தில் சுழற்றிச் சிவப்பணுக்களைக் கீழே படியவைத்துவிட்டால் மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டும். இவருடையது ஒவ்வொரு முறையும் பால் கலந்ததுபோலக் கலங்கி வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தால்தான் அப்படி ஆகும். அளவுகள் தாறுமாறு.

"இந்த அம்மாவைக் கழிச்சுடலாம்," என்றார் எங்கள் தலைவர் சுகந்தி மேடம். சேதி மதுரை ஆஸ்பத்திரி வழியாக அன்னக்கொடிக்குப் போனது. மறுநாளே எனக்குப் போன்.

"நான் அன்னக்கொடி பேசுறேங்க. வெறும் வயித்துலதான் வந்தேன். என்னைய எதுக்குக் கழிக்கிறீங்க? நம்பிக்கை இல்லேன்னா நீங்க இங்க வந்து எடுத்துட்டுப் போங்க."

நான் அதை அப்படியே மேடத்திடம் சொன்னேன். மலையில் எடுக்கிற ரத்தம் மதுரை வந்து சேர்வதற்குள் கெட்டுவிடும் என்றார் அவர். கெடாமல் கொண்டுவருகிறேன் என்றேன். "ஒரு தடவை போய்ப் பாருங்க. சரியா வரலைன்னா அவங்களையும் விட்டுடுவோம், மலைக்குப் போற யோசனையையும் விட்டுடுவோம்," என்றார். அப்படித்தான் நான் புகையும் பெட்டியோடு அந்தப் பேருந்தில் ஏறினேன்.

கொடைக்கானலில் இறங்கியதும் ஒரு பெண்மணி என் பெட்டியைப் பார்த்துக் கை அசைத்தார். ஸ்டெல்லா சிஸ்டர். அந்த ஊரிலேயே பிறந்து, அங்கேயே நர்ஸாக வேலை பார்க்கிறவர். ரத்தம் எடுக்க எங்களுக்கு ஒத்துக்கொண்டவர்.

"வெல்கம் சார். ஸ்வெட்டர் எங்க? கொண்டு வரலையா? எல்லா டூரிஸ்ட்டும் பண்ற மிஸ்டேக்கு!" என்று சொல்லித் தம்பியின் ஸ்வெட்டரை நீட்டினார். எனக்கு ஒரு சுற்றுப் பெரியது. போட்டுக்கொண்டபோது வந்த கதகதப்பை இன்றும் மறக்கவில்லை.

அன்று மாலை ஏரிப் பக்கம் நடந்தோம். கொழுப்பை அளக்கிறவனுக்குக் கொடைக்கானல் கடைத்தெரு ஒரு சோதனை. கண்ணாடிப் பெட்டி நிறைய வீட்டுச் சாக்லேட். வண்டியில் பேத்துப்பாறைத் தோட்டத்து பட்டர் ஃப்ரூட், கத்தியை வைத்தால் வெண்ணெயாக வழுக்குகிறது. கல்லில் முட்டையும் ரொட்டியும் சேர்ந்து பொரிகின்றன. எதைப் பார்த்தாலும் அது ரத்தத்தில் கலந்து எங்கள் திரையில் என்ன கோடு போடும் என்றுதான் மனம் போகிறது. ஆனாலும் ரொட்டி ஆம்லெட்டை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். என் ரத்தத்தை யாரும் அளக்கப்போவதில்லை.

மறுநாள் போளூருக்கு ஜீப். ஓட்டியவர் பள்ளங்கிக்காரர் ஜெயபால். முன் இருக்கையில் ரத்தத்தைச் சுழற்றும் சிறிய எந்திரம், எனக்கு மடியில் ஐஸ் பெட்டி, சிஸ்டருக்கு மடியில் ஊசிப் பை. பைன் மரங்களைத் தாண்டியதும் மலைச்சரிவெல்லாம் படிப்படியாகத் தோட்டங்கள் விரிந்தன. பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. எங்கள் ஊரில் காய்கறி என்றால் தள்ளுவண்டிதான் ஞாபகம் வரும். இங்கே ஒரு பள்ளத்தாக்கே காய்கறிக் கூடையாகக் கிடந்தது.

ஏற்றத்தில் ஓரிடத்தில் ஜெயபால் வண்டியை நிறுத்திவிட்டு, "சிஸ்டர், கல்லு," என்றார். சிஸ்டர் சாதாரணமாக இறங்கி, ஒரு கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். கை பிரேக் பிடிக்காதாம். ஜெயபால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார்.

"பயப்படாதீங்க சார். இவரு வண்டி டவுனுக்குத்தான் லாயக்கில்ல, ஹில்லுக்கு சூப்பர்," என்றார் சிஸ்டர்.

அன்னக்கொடி வீட்டு வாசலில் கம்பை ஊன்றி நின்றிருந்தார். நாற்பதைத் தொடாத வயது. எண் போட்ட குழாயாகவே எனக்குத் தெரிந்திருந்தவர் அன்றுதான் ஆளாகத் தெரிந்தார். நெட்டையான உருவம், உரத்த குரல்.

"நெசமாவே வந்துட்டீங்களே! வாங்க சார். வாங்க சிஸ்டர்."

கணவர் வீரணன் காபி கொடுத்தார். நான் வந்த வேலையை ஆரம்பித்தேன். மதுரைக்கு வரும் நாளில் என்ன செய்வார், எப்போது கிளம்புவார் என்று விசாரித்தேன்.

"இருட்டோட கெளம்பணுங்க. மொத பஸ்ஸு. வளைவுல வெறும் வயித்தோட வந்தா கொடலே வெளிய வந்துரும். அதனால வத்தலக்குண்டுல எறங்கி ரெண்டு பூரியும் பால் டீயும் சாப்புட்டுத்தான் மதுரை பஸ் ஏறுவேன்."

நானும் சிஸ்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அக்கா, ஆஸ்பத்திரியில சாப்பிட்டீங்களான்னு கேட்டிருப்பாங்களே?"

"சாப்பாடு சாப்பிட்டீங்களான்னு கேட்டாக. சோறு எங்க சாப்புட்டேன்? பூரிதான? அது பலகாரமாச்சே!"

சிஸ்டர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். வீரணனும் சேர்ந்துகொண்டார். கடைசியில் அன்னக்கொடியே சிரித்துவிட்டார். எங்கள் எந்திரம் அத்தனை மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டது வத்தலக்குண்டுப் பூரி எண்ணெயைப் பார்த்துத்தான். அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் கேள்வியில்தான் ஓட்டை.

பொழுது சாய்வதற்குள் சோறு போட்டார்கள். பூண்டுக் குழம்பு, பீன்ஸ் பொரியல். உரித்த பூண்டு முழுசு முழுசாக மிதக்கும் அந்தக் குழம்பை நான் எங்கும் சாப்பிட்டதில்லை. கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு காலைவரை தண்ணீர் மட்டும்தான் என்று அன்னக்கொடியிடம் சொன்னேன். "பூரியும் இல்லை, டீயும் இல்லை, ஒரு வாய் காபியும் இல்லை," என்று சிஸ்டர் விளக்கமாகச் சேர்த்துக்கொண்டார்.

அடுப்பங்கரைக் கதகதப்பில் உட்கார்ந்து அன்னக்கொடி பேசினார். முதலில் ஒரு கண் மங்கியதாம். பூ விழுந்திருக்கிறது என்றார்களாம். பிறகு ஒருநாள் பூண்டுப் பாத்தியில் நிற்கும்போது வலது கால் இருக்கிற இடமே தெரியவில்லை.

"மண்ணுல நிக்கிறேனா மானத்துல நிக்கிறேனான்னு தெரியலைங்க. அப்படியே உக்காந்துட்டேன். அப்புறம் ஸ்கேன் எடுத்து, பேரு சொன்னாக. மருந்து ஒழுங்கா போட்டுக்கிறேன். இந்தக் குளுருல நல்லாத்தான் இருக்கேன். மதுரைக்கு எறங்குனா அந்த வெக்கையில காலு என் பேச்சக் கேக்காது. திரும்பி வந்து ரெண்டு நாளு படுக்கணும்."

சூடு ஏறினால் இந்த நோய்க்காரர்களுக்குத் தளர்ச்சி கூடும் என்பது நான் படித்து அறிந்தது. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் இவரை வெயிலுக்கு வரச்சொல்லிக்கொண்டிருந்தோம். இங்கேயே ரத்தம் எடுக்க வழி பிறந்தால் இந்த மனுஷிக்கு எத்தனை அலைச்சல் மிச்சம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்குக் காரியம் கெட்டுவிடக் கூடாதே என்ற பயமும் சேர்ந்து உறைத்தது.

வெள்ளனே எழுந்தோம். காற்று கூரை ஓட்டைப் பிய்த்துவிடுவதுபோல வீசிக்கொண்டிருந்தது. சிஸ்டர் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார். ஊதா மூடிக் குழாய்கள் நிறைந்தன. அவற்றை ஐஸ் தண்ணீரில் வைத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றியாக வேண்டும். எந்திரத்தைச் செருகி மூடியை மூடினேன். அந்த நொடியில் கரண்ட் போனது.

"காத்தடிச்சா இப்படித்தான். இன்னைக்கு வராது," என்றார் வீரணன்.

அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தேன். ஜீப் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்க ஒரு இன்வெர்ட்டர் கையில் இருந்தது. சென்னையில் பரிசோதித்தபோது சமர்த்தாக வேலை செய்தது. இங்கே மூன்று முறை கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. மறுபடி முயன்றேன். மறுபடி கத்தியது. ஜெயபால் எஞ்சினை உறுமவிட்டார். பயனில்லை. குழாய்களைப் பார்த்தேன். கடிகாரத்தையும் பார்த்தேன்.

அப்போதுதான் காற்றோடு காற்றாக ஒரு பாட்டு காதில் விழுந்தது. ஒலிபெருக்கிப் பாட்டு.

"கரண்ட்டு இல்லாம இது எப்படிப் பாடுது?" என்றேன்.

வீரணன் துள்ளி எழுந்தார். "முத்தாலம்மன் கோயில்ல திருவிழாச் சாட்டு! மைக் செட்டுக்காரரு ஜெனரேட்டர் கொண்டாந்துருக்காரு. வாங்க வெரசா!"

எந்திரத்தை வீரணன் தோளில் தூக்கிக்கொண்டார். நான் ஐஸ் பெட்டியையும் குழாய்கள் இருந்த ஐஸ் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கோயில் முன்னால் சனம் கூடியிருந்தது. ஜெனரேட்டர் பந்தலுக்குப் பின்னால் அதிர்ந்துகொண்டிருந்தது. மைக் செட்டுக்காரர் எந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

"லைட்டு, பாட்டு எல்லாம் இதுலதான் ஓடுது சார். இதையும் மாட்டுனா ஏத்த எறக்கமாத்தான் கரண்ட்டு வரும்."

ஏற்ற இறக்கம் வந்தால் சுழற்சி கெட்டுவிடும். எல்லாவற்றையும் பத்து நிமிடம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன். அவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி கூட்டத்தைப் பார்த்தார். சாமி கும்பிடுகிற நேரத்தில் பாட்டை நிறுத்துவதா என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

கூட்டம் விலகியது. அன்னக்கொடி கம்பை ஊன்றி, ஸ்டெல்லா சிஸ்டரின் தோளைப் பிடித்து வந்துகொண்டிருந்தார். இன்னும் வெறும் வயிறு.

"ஏலே, பத்து நிமிசம் பாட்டு நின்னா ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. எம் பேச்ச நம்பி மெட்ராஸ்லருந்து ஆளு வந்துருக்கு. இந்த ரத்தம் கெட்டுச்சுன்னா இன்னொருக்கா யாரும் இந்த மலைக்கு வர மாட்டாக. நிறுத்துலே!"

மைக் செட்டுக்காரர் நிறுத்தினார். பாட்டு நின்றது, சீரியல் விளக்குகள் அணைந்தன. ஜெனரேட்டர் சத்தம் சீரானது. எந்திரத்தை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். முதலில் முனகியது, பிறகு வேகம் பிடித்து ஒரே சுருதியில் ரீங்கரித்தது. போளூர் சனம் மொத்தமும் ஓர் அடி உயர எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மனுக்கா எந்திரத்துக்கா என்று நான் கேட்கவில்லை.

நின்றதும் மூடியைத் திறந்தேன். குழாயை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன்.

கீழே அடர் சிவப்பு. மேலே கண்ணாடிபோலத் தெளிந்த மஞ்சள். துளிகூடக் கலங்கல் இல்லை. குழாய்க்குப் பின்னால் நின்ற பூசாரியின் மீசை அதன் வழியே தெரிந்தது.

"தெளிஞ்சிருக்கு!" என்று கத்தினேன். ஆய்வுக்கூடத்தில் நான் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை.

"என்னத்த, நல்லெண்ணெ கணக்கால்ல இருக்கு," என்றார் வீரணன்.

அன்னக்கொடி குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தார். தன் ரத்தத்தை அப்படிப் பார்ப்பது அவருக்கு முதல் முறை. "அப்ப நான் சொன்னது நெசந்தான?" என்றார். கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தார்.

மைக் செட்டுக்காரருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மைக்கை எடுத்தார். "பக்த கோடிகளுக்கு ஓர் அறிவிப்பு. நம்ம அன்னக்கொடி அக்கா ரத்தம் நல்லபடியா வந்துருச்சு!" மலை எதிரொலித்தது. குலவைச் சத்தம் கிளம்பியது. பாட்டு மறுபடி தொடங்கியது, முன்னைவிட உரக்க.

அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் மஞ்சள் நீரைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து ட்ரை ஐஸுக்குள் புதைத்தேன். அன்னக்கொடிக்குக் கோயில் பொங்கல் வந்தது. கரண்டி நிறைய எடுத்து என்னைப் பார்த்து, "இப்பச் சாப்புடலாமில்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் போட்டார்.

திரும்பும் வழியில் மரம் விழுந்து கிடந்தது. காற்று அதன் கைவரிசையைக் காட்டியிருந்தது. வெட்டி அகற்றப் பொழுதாகிவிடும் என்றார்கள். என் பெட்டியிலிருந்த பனியோ காலையிலேயே பாதியாகியிருந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் கேரட் ஏற்ற வந்த லாரி ஒன்று, வழியில்லை என்று கண்டு திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜெயபால் மரத்தின்மேல் ஏறி நின்று கூவினார்.

"அண்ணே! ஒரு சாரு, ஒரு பொட்டி! வத்தலக்குண்டுக்கு!"

"பொட்டியில என்ன?"

"எங்க மேல்மலைக்காரங்க ரத்தம்ணே!"

நான் பேருந்து நிலையத்தில் சொல்லி அவதிப்பட்ட அதே வார்த்தை இங்கே வேறு மாதிரி வேலை செய்தது. லாரிக்காரர் இறங்கி வந்து பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் கிளைகளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு தாண்டினேன். "நீங்க போங்க சார், நான் மெதுவா வந்துக்கறேன். ஆல் த பெஸ்ட்!" என்று சிஸ்டர் கையாட்டினார்.

வத்தலக்குண்டில் வெக்கை முகத்தில் அறைந்தது. அன்னக்கொடி இந்த இடத்தில் இறங்கியதும் கால் தளர்வதை எண்ணிக்கொண்டேன். பூரி மணம் வந்தது. நிற்காமல் மதுரைப் பேருந்தில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் உறைபெட்டியைத் திறந்து குப்பிகளை மாற்றியபோது என் பெட்டியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பனி மிச்சமிருந்தது. குப்பிகள் கல்லாக உறைந்தே இருந்தன.

சென்னையில் அதை எந்திரத்தில் ஏற்றிய நாளன்று சுகந்தி மேடம் என் பின்னாலேயே நின்றார். திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கூர்மையாக, கலங்கலின்றி, மதுரையில் எடுத்த நல்ல ரத்தங்களுக்குச் சற்றும் குறையாமல். மேடம் குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். பிறகு, "மலையில எடுக்கலாம்," என்றார். அவ்வளவுதான். எனக்கு அது குலவைச் சத்தமாகக் கேட்டது.

இன்னொன்றும் இருந்தது. நாங்கள் கவனித்துவரும் கொழுப்புகள் அவருடைய ரத்தத்தில் அமைதியாக இருந்தன. நோய் அடங்கியிருப்பதாக ரத்தம் சொல்கிறது என்று, ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே எழுதி வைத்தோம். பிறகு வழக்கமான ஸ்கேன் எடுத்தபோது அதைப் பார்த்த டாக்டருக்கு நாங்கள் எழுதியது தெரியாது. உறை சிதைந்த தடமாகப் புதிதாக ஒரு புள்ளிகூட இல்லை என்று அவர் சொன்னார். ஒருவருடைய ரத்தத்தை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. இன்னும் எத்தனையோ பேரைப் பார்க்க வேண்டும். ஆனால் நாங்கள் கழித்துவிடப் பார்த்த ரத்தம் அன்று சரியாகச் சொன்னது.

அன்னக்கொடிக்கு நானே போன் செய்தேன். பின்னால் காற்றுச் சத்தம், ஆள் பேச்சு. இனி ரத்தம் கொடுக்க மதுரைக்கு வர வேண்டாம், ஸ்டெல்லா சிஸ்டர் வீட்டுக்கே வருவார், ஸ்கேனுக்கு மட்டும் இறங்கினால் போதும் என்றேன். ஸ்கேனில் சொன்னதையும் சொன்னேன்.

"அப்ப நோவு தூங்குதுங்கறீங்க?"

"ஆமாங்க. இப்போதைக்கு நல்லாத் தூங்குது."

"தூங்கட்டும் சார். பூண்டு புடுங்க ஆளு வந்து நிக்கிது, எனக்குச் சோலி கெடக்கு," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.